இழுப்பறைக்குள் இருக்கும் அருங்காட்சியகம்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் இருந்த தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தது. அவ்வாண்டுதான் அது 200-ஆவது ஆண்டு விழாவைக் கொண்டாடியிருந்தது. ஏறக்குறைய 2 கோடிப் பொருட்களைக் கொண்ட தொகுப்பில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை என்பது தனிக் கொடுமை.

தீ அணைந்த சூட்டோடு, அந்நகரின் அருங்காட்சியகவியல் மாணவர்கள் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: அங்கே நீங்கள் எடுத்த புகைப்படங்கள் எதுவானாலும் அனுப்புங்கள் என்று. படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அதே டிசம்பரில் கூகுள் நிறுவனம், தீ விபத்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு, அந்தக் கூடங்களில் இணையம் வழியாக உலவ ஏற்பாடு செய்தது.

இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் பார்க்க வந்தவர் எதைப் படமெடுத்திருப்பார்? டைனோசர் எலும்புக்கூட்டை எடுத்திருப்பார். 5 டன்னுக்கு மேல் எடையுள்ள பெண்டெகோ விண்கல்லின் அருகே நின்று எடுத்திருப்பார். அந்த விண்கல்லோ தீயிலும் தப்பி நின்றது! எரிந்து போனது சுமார் 50 லட்சம் பூச்சிகளின் தொகுப்பு. அது இழுப்பறைகளுக்குள் இருந்தது. அதைப் பார்வையாளர் யாரும் படமெடுத்திருக்க வழியில்லை.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை இணையத்துக்குக் கொண்டுவருவது என்றதும் நமக்கு மெய்நிகர் உலாதான் நினைவுக்கு வருகிறது. நானும் பல உலாக்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் கை சலித்துவிடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சுமார் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிகளில் மக்கள் பார்ப்பது அதில் மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் அலமாரியிலும் இழுப்பறையிலும் சாராயப் புட்டியிலும் இருக்கிறது. ஆய்வு நடப்பது அந்த மீதியை வைத்துத்தான்.

ஒரு வண்ணத்துப்பூச்சியை ஊசியில் குத்தி வைத்தால் அது அலங்காரம். யார், எங்கே, எந்த நாளில் பிடித்தார் என்ற சீட்டு அதனடியில் இருந்தால்தான் அது சான்று. நூறாண்டுக்கு முன் ஒரு மரம் எந்த மாதத்தில் பூத்தது, இன்று எப்போது பூக்கிறது என்று ஒப்பிட அந்தச் சீட்டு வேண்டும். ஆகவே படத்தோடு சீட்டிலுள்ள எழுத்தும் கணினியில் ஏற வேண்டும். படமெடுப்பது வேகமான வேலை; பழைய கையெழுத்தைப் படிப்பதுதான் முதுகை ஒடிக்கும். பாரிஸ் அருங்காட்சியகம் செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த உலர்தாவரத் தாள்கள் பல லட்சத்தைப் படமாக்கிய பிறகு, சீட்டுகளைப் படித்து எழுதித் தரும்படி 2012-இல் இணையம் வழியாகப் பொதுமக்களையே அழைத்தது. மக்களும் வந்தார்கள்.

அமெரிக்காவில் 18 நிறுவனங்கள் சேர்ந்து 2017 முதல் 2023 வரை 13,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பு விலங்கு மாதிரிகளை சி.டி. ஸ்கேன் செய்தன. புட்டியில் கிடக்கும் தவளையைக் கத்தி படாமல் உள்ளே பார்க்கலாம். அந்த முப்பரிமாணப் படக் கோப்புகளை யாரும் இலவசமாகப் பெறலாம். தவளைக் குலம் தன் பரிணாமப் பாதையில் இருபது முறைக்கு மேல் பற்களை இழந்திருக்கிறது என்ற முடிவுக்கு இத்தகைய ஸ்கேன்கள் உதவின. தவளைக்குப் பல்லா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலானவற்றுக்கு மேல்தாடையில் உண்டு.

நமக்கும் இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. 1819-இல் சென்னைக்கு வந்த மருத்துவர் ராபர்ட் வைட், தென்னிந்தியாவில் திரட்டிய செடிகளோடு 1853-இல் ஊர் திரும்பினார். அவருடைய தாள்கள் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் இருக்கின்றன. முன்பெல்லாம் நம் ஊர்ச் செடியைப் பார்க்க நம் மாணவர் கப்பலேற வேண்டியிருந்தது. இப்போது கோவையில் உட்கார்ந்தபடியே அவற்றில் பலவற்றின் காம்பையும் நரம்பையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். தாள் திரும்பி வரவில்லையே என்ற குறை நியாயமானது. அதைப் படம் தீர்த்துவிடாது.

எல்லாவற்றையும் திறந்துவைப்பதிலும் சிக்கல் உண்டு. அரிய ஆர்க்கிட் வளரும் மலைச்சரிவைத் துல்லியமாகக் காட்டினால் திருடனுக்கும் அது வழிகாட்டும். அதனால் இத்தகைய இனங்களுக்கு இடத்தைத் தோராயமாக மட்டும் காட்டுவது வழக்கமாகியிருக்கிறது. சரியான வழக்கம்தான்.

2016 ஏப்ரலில் டெல்லியில் நம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் தீக்கிரையானது. ரியோவுக்கு இரண்டாண்டுகள் முந்தியது அது. ஆனாலும் நிதி என்று வந்தால் மெய்நிகர் கண்ணாடிக்கு எளிதில் கிடைக்கிறது. சீட்டைப் படித்து எழுதும் ஆளுக்குக் கிடைப்பதில்லை. உங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் பழைய தாள்கள் இருந்தால், ஒரு கேமரா, அதை நிறுத்த ஒரு தாங்கி, இரண்டு விளக்கு, ஓர் அளவுகோல் போதும். அந்தக் கையெழுத்துகளை அடையாளம் காணக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் யாரேனும் ஊரில் இருந்தால், படமெடுக்கும்போதே அவரையும் அழைத்து அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.