கல்லில் வெட்டிய ஊர்ப்பெயர்

அவைத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்ட நூலக நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பற்றித் தலைவர் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. பொன்னாடை போர்த்திய விருந்தினருக்கும் நன்றி.

சிங்கப்பூர் புக்கிட் பிரவுன் சீன இடுகாட்டின் வரலாறு, கட்டட அமைப்பு, நிலச் சட்டம் ஆகிய மூன்றையும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று என் அப்பாயி அடிக்கடி கேட்பார். இன்றைக்கு அந்தக் கேள்விதான் மனதில் நிற்கிறது.

அந்தக் குன்று ஒரு காலத்தில் ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற ஆங்கிலேய வணிகரின் நிலம். பிறகு ஓங் என்ற சீனக் குலத்தார் கைக்கு வந்தது. 1922இல் நகராட்சி அதைச் சீனர் எல்லோருக்கும் பொது இடுகாடாகத் திறந்தது. 1973இல் மூடினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள். தினமும் ரயிலில் "பூன் லே" என்று அறிவிப்பு கேட்கிறோமே, அந்தச் சியூ பூன் லே அங்கேதான் உறங்குகிறார். நெடுஞ்சாலைக்காக ஏறத்தாழ 4,000 கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள்.

சரி, கல்லறையைப் பார்ப்போம். பின்னால் மண்மேடு, முன்னால் பெயர்க்கல், இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் தாழ்ந்த சுவர். கைவைத்த நாற்காலியில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் மண் தெய்வத்துக்குச் சின்னப் பீடம். சிலவற்றில் பூ வேலைப்பாட்டு ஓடுகள். சிலவற்றில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள்!

சீனர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து வணங்கும் சிங்மிங் நாளில், ஒரு காலை அங்கே போயிருந்தேன். ஒரு சீன அம்மா, எழுபது வயதிருக்கும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லைத் தேய்த்துக் கழுவினார். அப்புறம் சின்ன டப்பாவைத் திறந்து, மெல்லிய தூரிகையால் மங்கிய எழுத்துக்குள் சிவப்பு வண்ணம் நிரப்பினார். பக்கத்தில் போய் நின்றேன். தாத்தாவின் பெயரைக் காட்டினார். மேலே இன்னொரு வரி. "இது தாத்தா பிறந்த கிராமம்" என்றார் மலாய் மொழியில். அவர் அந்தக் கிராமத்தைப் பார்த்ததே இல்லையாம். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த எழுத்தின் மேல் அவன் விரலை வைத்து வாசிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உன் தாத்தா எந்த ஊர்?" என்று கேட்டார். "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றேன். "பக்கம் என்றால்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மா வண்ணம் காயக் காத்திருந்தார். நான் மலை இறங்கிவிட்டேன்.

நம்மில் பெரும்பாலோர் எரிக்கிறோம். நமக்குக் கல் கிடையாது. பழைய பிடாடரி இடுகாட்டில் புதைத்தவர்களின் கற்களிலும் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. அப்படியானால் நம் ஊர்ப்பெயர் எதில் இருக்கிறது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

நிலச் சட்டத்தை இன்னொரு நாள் பேசலாம். வாசல் மேசையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன். தாத்தா, பாட்டி பெயர், பிறந்த கிராமம், கப்பலேறிய ஆண்டு ஆகியவற்றை எழுதிவிட்டுப் போங்கள். தெரியாதவர்கள் இன்றிரவே வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். முதல் பக்கத்தில் என் தாத்தா பெயர் இருக்கிறது; ஊருக்கு இடம் விட்டிருக்கிறேன், மன்னார்குடியில் இருக்கும் அத்தையிடம் கேட்டிருக்கிறேன்.