‘சரியா இருக்கா?’ – கேட்பவர் குணமா, கேட்க வைக்கும் இடமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெயில் இறங்கட்டும் என்று காத்திருந்து வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர்ப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அதைக் காட்பாடி ஜங்ஷனில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் சென்னைக்குப் போய்விட்டார். கூட வேலை செய்கிறவர்களிடம் ‘சரியா இருக்கா, சரியா இருக்கா’ என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, அதற்குக் காரணம் அவருடைய குணமா, அவர் வேலை செய்கிற இடமா? இதுதான் கேள்வி. குணம் என்றது அண்ணன் அணி. இடம் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

அண்ணன் என்ன சொன்னார்? மனிதர்கள் 16 வகை. செல்போனில் ஒரு தேர்வு எழுதினால் நாலு எழுத்து வரும், அதிலேயே நாம் யார் என்று தெரிந்துவிடும். சில எழுத்துக்காரர்களை யாராவது முதுகில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவர்கள் பிறவியே அப்படி. சொன்ன அழகுக்கு நானும் கைதட்டினேன். சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

அந்த நாலு எழுத்துத் தேர்வுக்கு மையர்ஸ்-பிரிக்ஸ் என்று பெயர். கார்ல் யுங் 1921-இல் எழுதிய ஒரு புத்தகத்தை அடிப்படையாக வைத்து, காதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் அமெரிக்காவில் உருவாக்கியது. அந்த நாலு எழுத்தும் எதையெல்லாம் கேட்கிறது தெரியுமா? நாலு பேரோடு இருந்தால் தெம்பு வருமா, தனியாக இருந்தால் வருமா. கண்ணால் கண்டதை நம்புவீர்களா, உள்ளுணர்வை நம்புவீர்களா. முடிவெடுப்பது மூளையா, மனசா. திட்டம் போட்டு நடப்பீர்களா, வந்தபடி பார்த்துக்கொள்வீர்களா. அவ்வளவுதான். இதில் பயம் எங்கே இருக்கிறது? பதற்றம், கவலை, சந்தேகம் எங்கே இருக்கிறது? நாலில் ஒன்றில்கூட இல்லை. ‘சரியா இருக்கா’ என்று கேட்க வைக்கிற அந்தக் கவலையை அளக்கவே அளக்காத தேர்வை எடுத்து வந்து, இவன் கவலைப்படுகிற வகை என்று முத்திரை குத்துகிறார் அண்ணன். இணையத்தில் சில தேர்வுகள் ஐந்தாவதாக ஒரு எழுத்தைச் சேர்த்துத் தருகின்றனவே என்று அவர் கேட்கலாம். நாலு போதாமல்தானே அண்ணா ஐந்தாவதைச் சேர்த்தார்கள்? இன்னொன்றும் உண்டு. இந்தத் தேர்வை நடத்துகிற நிறுவனமே, ஆளை வேலைக்கு எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்கிறது.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெரிதும் நம்புகிற ‘ஐந்து பெருங்குணங்கள்’ என்ற அளவுகோலில், எளிதில் கவலைப்படும் தன்மை ஒரு அளவாக இருக்கிறது. ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதும் உண்மை. ஆனால் அது உயரம் மாதிரி. எல்லாருக்கும் உண்டு, சிலருக்குக் கொஞ்சம் கூட, சிலருக்குக் குறைவு, பெரும்பாலோர் நடுவில். உயரத்தை வைத்து ஊரை 16 சாதியாகப் பிரிக்க முடியுமா?

இந்த வகை பிரிக்கிற விளையாட்டு எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்று 1948-இலேயே ஒருவர் காட்டிவிட்டார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, இது உனக்கென்றே எழுதியது என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் குட்டு உடைந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், வார்த்தைகள் பெரும்பாலும் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அந்தத் தாளில் முதல் வரி என்ன? மற்றவர்கள் உன்னை விரும்ப வேண்டும், பாராட்ட வேண்டும் என்ற தேவை உனக்கு நிறைய இருக்கிறது. நடுவர் அவர்களே, அடுத்தவர் வாயால் ‘நல்லா இருக்கு’ என்று கேட்க ஆசைப்படுவது ஏதோ ஒரு வகைக்காரரின் நோய் இல்லை. எல்லாருக்கும் பொருந்துகிற வரி என்பதால்தான் அது அந்தத் தாளில் இருந்தது.

சந்தேகம் இருந்தால் இந்த மேடையையே பாருங்கள். அண்ணன் பேசி முடித்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து என்ன கேட்டார்? ‘எப்படி இருந்துச்சு?’ மைக் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டுவிட்டது. இத்தனைக்கும் அவர் தன்னை யாரையும் எதிர்பார்க்காத வகை என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

சரி, குணம் இல்லையென்றால் பின்னே எது? எங்கள் அலுவலகத்தில் பில் பார்க்கிற ஒரு அக்கா இருக்கிறார். சத்துவாச்சாரியில் அவர் தெருவில் சீட்டுப் பிடிக்கிறவர் அவர்தான். யாரைச் சேர்ப்பது, யாரை நம்பக்கூடாது, தவணை தவறினவரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் அவர் முடிவு. யாரையும் கேட்க மாட்டார், கணவரைக்கூட. அதே அக்கா அலுவலகத்தில் ரெண்டு வரி மெயில் அனுப்ப மூன்று பேரிடம் காட்டுவார். ‘இது ஓகேவா பாரும்மா, எதுக்கும் நீ ஒரு தடவை பாரு.’ காரணம், அங்கே இருந்த மேனேஜர். அக்கா அனுப்பிய ஒரு மெயிலை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்த மனிதர். சரியாகச் செய்தால் ஒரு வார்த்தை வராது, தவறினால் ஊருக்கே கேட்கும். இப்படிப்பட்டவரிடம் அமைதி என்றால் சம்மதமா, புயலுக்கு முன்னாலா? யாருக்குத் தெரியும்? தெரியாததால்தான் பக்கத்து மேசையைக் கேட்கிறோம். பிறகு வேறு பிரிவுக்கு மாறினார் அக்கா. அங்கே மேலதிகாரியாக இருந்த அம்மா, ‘இந்த மாதிரி பில்லெல்லாம் நீங்களே முடிச்சிடுங்க, இத்தனை ரூபாய்க்கு மேல போனா மட்டும் என்கிட்ட வாங்க’ என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். மெயில் காட்டுகிற பழக்கம் தானாக நின்றது. அக்கா மறுபிறவி எடுத்து வந்துவிட்டாரா?

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். விடிகாலை கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தோல் மாதிரி இன்னொரு தோல் இருக்காது. ஓரிடத்தில் தழும்பு இருக்கும், ஓரிடம் இழுத்தால் நீளும். கட்டிங்கில் வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அங்கே புதிதாக வந்த பெண் ‘அக்கா, இங்க போடலாமா?’ என்று கேட்டால் அது தன்னம்பிக்கைக் குறைவா? ரிஜெக்ட் ஆனால் யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் கான்ட்ராக்டில் வந்தவளாக இருந்தால் நாளைக்கு வேலை இருக்கிறதா என்றே உறுதி இல்லை. அந்த உறுதியைக் கம்பெனி கொடுக்கவில்லை, அதனால் பக்கத்தில் நிற்கிற அக்காவிடம் கேட்கிறாள்.

இங்கே அண்ணன் குறுக்கே வருவார் என்று தெரியும். ‘நீ சொல்வது சரிபார்ப்பு, நான் சொன்னது நச்சரிப்பு’ என்பார். நல்ல கேள்விதான். காட்பாடி வழியாகப் போகிற ரயில் இன்ஜினுக்குள் போவோம். உள்ளே லோகோ பைலட், உதவி லோகோ பைலட் என்று ரெண்டு பேர். சிக்னல் தெரிந்ததும் ஒருவர் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இது விதி. முப்பது வருஷம் ஓட்டியவரானாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னார், பதில் வந்தது, முடிந்தது. ‘அண்ணே, நெசமாவே பச்சைதானா?’ என்று ஜோலார்பேட்டை வரைக்கும் கேட்டுக்கொண்டு போவதில்லை. ஏன்? கேட்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது, பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், பதில் தெளிவாக இருக்கிறது. ரத்தம் ஏற்றும் முன் நோயாளியின் பெயரையும் ரத்த வகையையும் ரெண்டு பேர் சேர்ந்து பார்ப்பதும் இப்படித்தான். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்த ஊர் இது, வீட்டுக்கு வீடு ஒரு நர்ஸ் இருப்பார், கேட்டுப் பாருங்கள். நேரம், ஆள், தெளிவான பதில், இந்த மூன்றும் இல்லாத இடத்தில்தான் ஒரு கேள்வி பத்துக் கேள்வியாகப் பெருகி, டீக்கடை வரை வருகிறது. அண்ணா, உங்கள் நச்சரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

அமெரிக்காவில் எமி எட்மண்ட்சன் என்பவர் 90-களில் ஆஸ்பத்திரிக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுவில் மருந்துத் தவறு குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்துப் போனார், கணக்கு தலைகீழாக வந்தது. துருவிப் பார்த்தால், அந்தக் குழுக்களில் வாயைத் திறந்து சொல்ல ஆட்கள் பயப்படவில்லை, அதனால் தவறுகள் வெளியே வந்தன. அவர் பார்த்த வித்தியாசம் ஆளுக்கு ஆள் இல்லை, குழுவுக்குக் குழு.

கேட்கிறவரால் பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லைதான், மறுக்கவில்லை. தன் வேலையை விட்டுவிட்டு மற்றவர் மெயிலை மூன்று தடவை படிப்பது யாருக்கும் சுகம் இல்லை. அந்தக் கோபத்தைக் கேட்கிறவர் மேல் காட்டுவது சுலபம், பதில் சொல்லாத மேலதிகாரி மேல் காட்டுவது கஷ்டம். குணம் குணம் என்று எல்லாரும் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. வகை என்று சொல்லிவிட்டால் அந்த மேனேஜர் எதையும் மாற்ற வேண்டியதில்லை பாருங்கள்.

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் தம்பி மற்றதெல்லாம் விட்டுவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். தெருவில் சீட்டுப் பிடிக்கும்போது அந்த அக்கா எந்த நாலு எழுத்து, பழைய மேனேஜரிடம் எந்த நாலு எழுத்து, புது அம்மாவிடம் எந்த நாலு எழுத்து? நன்றி, வணக்கம்.