பச்சை எரியுது, ஆனா வேலை ஓடல: நெட்வொர்க் ஸ்டேட்டஸ யாருக்கு எப்படி காட்டுறது

[திரையில்: நாகியோஸ் பக்கம், நடுவுல ஒரே ஒரு சிவப்பு வரி]

"தம்பி, ஒங்க ஸ்கிரீன்ல சிவப்பா காட்டுதே, செக்ரோல் போடவா வேணாமா?"

ஒரு தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா எனக்கு கோல் எடுத்து கேட்டது இது. நான் இலங்கை மலையகத்துல ஹட்டன்ல இருந்துகிட்டு நோர்வூட், மஸ்கெலியா பக்கம் கொஞ்ச தோட்ட ஆபீஸ், பேக்டரிங்களோட நெட்வொர்க்க பாக்குறேன். அந்த சிவப்பு என்னன்னு பாத்தா பேக்கப் சர்வர்ல டிஸ்க் 92 சதவீதம் நிறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். செக்ரோலுக்கும், அதாவது ஆளுங்க பேர் போடுற சம்பளப் பதிவுக்கும், அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா மனுசன் காலையில இருந்து ஒண்ணும் போடாம ஒக்காந்திருக்காரு, அதுவும் சம்பளக் கணக்கு முடிக்கிற வாரம், அவசரத்துல ஒரு ஆளுக்கு பேர் விடுபட்டா அந்த வீட்டுக்கு ஒரு நாள் சம்பளம் போயிரும். அந்த ஸ்கிரீனோட லிங்க்க அவருக்கு குடுத்தது நான்தான், எல்லாருக்கும் தெரியட்டுமேன்னு நெனச்சு குடுத்தேன். எனக்கு தேவையான ஸ்கிரீன அவர் கையில குடுத்துட்டேன், அதுதான் பிழை.

அந்த ஸ்கிரீன் நாகியோஸோடது, நெட்வொர்க்க கண்காணிக்கிற சாஃப்ட்வேர், எங்கள மாதிரி ஆளுங்களுக்காக செஞ்ச சாமான். 1999ல நெட்செயின்ட்னு வந்துச்சு, 2002ல பேர் மாறிச்சு. அதுல ஒவ்வொரு செக்கும் ஒரு நம்பர திருப்பி அனுப்பும், 0ன்னா ஓகே, 1ன்னா வார்னிங், 2ன்னா கிரிட்டிகல், 3ன்னா அன்னோன். அதே மாதிரி இன்னொரு சாஃப்ட்வேரான ஸாபிக்ஸ்ல பிரச்சினையோட கடுமைய 6 படியா பிரிச்சு வெச்சிருக்காங்க. எனக்கு இது எல்லாமே வேணும், எந்த சுவிட்ச், எந்த போர்ட், எத்தன மணிக்கு விழுந்துச்சு, யாராவது கையில எடுத்துட்டாங்களா, எல்லாம். கிளாக்கர் ஐயாவுக்கு இப்ப வேலை ஓடுமா, ஓடாட்டி எப்ப ஓடும், அதுவரைக்கும் என்ன செய்யிறது, இது தெரிஞ்சா போதும். நாகியோஸ் பக்கத்துல ஐபி அட்ரஸ், சாஃப்ட்வேர் வெர்ஷன் எல்லாம் இருக்கிறதால வெளி ஆளுங்களுக்கு காட்டுறதே ஆபத்து, அது வேற கதை.

[திரையில்: எல்லாம் பச்சை, பக்கத்துல திறக்காத லொகின் பக்கம்]

இதுக்கு நேர் எதிரான கூத்தும் நடந்துச்சு, என்னய கேட்டா இதுதான் ரொம்ப மோசம். என் ஸ்கிரீன் முழுக்க பச்சை, ஆனா ஒருத்தராலயும் லொகின் பண்ண முடியல. ஏன்னா நான் போட்டிருந்தது வெறும் பிங் செக். பிங்குக்கு பதில் வந்தா மெஷின் உசிரோட இருக்குன்னு அர்த்தம், உள்ள டேட்டாபேஸ் செத்துக் கெடந்தாலும் பதில் வரும். அதனால யூசருக்கு காட்டுற பச்சைய சாதனத்த வெச்சு முடிவு பண்ணக்கூடாது, அவர் செய்யிற வேலைய வெச்சு முடிவு பண்ணணும். இப்ப எங்க சிஸ்டத்துல ஒரு டெஸ்ட் யூசர் 5 நிமிஷத்துக்கு ஒருக்கா தானா லொகின் பண்ணி செக்ரோல் பக்கத்த திறந்து பாக்கும், திறந்தாத்தான் பச்சை. யூசருங்களுக்கு தனியா போட்ட ஸ்டேட்டஸ் பக்கத்துல இருக்கிற வரிங்களும் ரௌட்டர், சர்வர்னு இல்ல, "செக்ரோல்", "மடுவத்து நிறுவை" (கொழுந்து நிறுக்கிற எடம்), "ஈமெயில்", "இன்டர்நெட்", இவ்வளவுதான், தமிழ்லயும் சிங்களத்துலயும். பச்சை சிவப்பு பிரிச்சு பாக்க முடியாத ஆளுங்களும் இருக்காங்க, அதனால நிறத்துக்கு பக்கத்துல "ஓடுது", "ஓடல"ன்னு எழுத்துலயும் இருக்கணும்.

[திரையில்: மலை உச்சியில டவர், கீழ பல ஆபீஸ்]

நம்ம ஊர் அமைப்புக்கு வருவோம். மலை உச்சியில ஒரு ரேடியோ டவர், அதுக்கு அந்தப் பக்கம் 14 சாதனம்னு வெச்சுக்குவோம். மின்னல் அடிச்சு டவர்ல கரண்ட் போனா 15 சிவப்பு வரும், 15 எஸ்எம்எஸ் வரும், ராத்திரி 2 மணிக்கு எது மூலம்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. நாகியோஸ்ல பேரன்ட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, இதுக்குப் பின்னாலதான் அது இருக்குன்னு சொல்லி வெச்சா டவர் மட்டும் டவுன்னு காட்டும், மத்த 14ம் அன்ரீச்சபிள்னு காட்டும். ஆனா ஒண்ணு, டவுனா அன்ரீச்சபிளாங்கிற வித்தியாசம் எனக்குத்தான். பேக்டரியில இருக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான், அவருக்கு "மேல டவர்ல கோளாறு, நிறுவைய புக்குல எழுதி வைங்க, பொறவு ஏத்திக்கலாம்"னு ஒரு வரி போதும்.

மழை நேரத்துல இன்னொரு தொல்லை. 60 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற ரேடியோ லிங்க் பெரு மழையில நல்லா அடி வாங்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அந்த அளவுக்கு இல்ல, அங்க கனெக்டருக்குள்ள தண்ணி எறங்குறதும் நடுவுல வளர்ந்த மரமும்தான் பிரச்சினை. எதுவா இருந்தாலும் லிங்க் விழும், எழும்பும், விழும். நாகியோஸ் ஒரு தடவ தோத்த ஒடனே முடிவு பண்ணாது, அத சாஃப்ட் ஸ்டேட்னு வெச்சுகிட்டு நீங்க சொன்ன தடவ திரும்பத் திரும்ப பாத்துட்டுத்தான் ஹார்ட் ஸ்டேட்டுக்கு மாத்தும். சாஃப்ட் எனக்கு வேணும், எந்த லிங்க் தள்ளாடுதுன்னு அதுலதான் புடிப்பேன். யூசருக்கு ஹார்ட் ஆனதுக்கப்புறம் மட்டும் காட்டுறேன், இல்லாட்டி நிமிஷத்துக்கு நிமிஷம் நிறம் மாறுற பக்கத்த யாரு நம்புவா.

அன்னோன்ன மட்டும் பச்சையில சேர்த்துடாதீங்க. "இப்ப பாக்க முடியல"ன்னு அப்படியே போடுங்க. "கடைசியா பாத்தது காலை 10.42"ன்னு நேரமும் கட்டாயம் வேணும், ஏன்னா சிக்னல் இல்லாத எடத்துல போன்ல நேத்து திறந்த பக்கமே பச்சையா நிக்கும்.

யூசருக்கு காட்டுற ஸ்டேட்டஸ் பக்கத்த ஒங்க நெட்வொர்க்குக்குள்ளயே வெச்சிருந்தா நெட்வொர்க்கோட சேர்ந்து அதுவும் விழுந்துரும். பெரிய ஆளுங்களுக்கே நடந்திருக்கு, 2017 பெப்ரவரி 28ல அமேசானோட எஸ்3ங்கிற டேட்டா சேமிப்பு சேவை விழுந்தப்ப அவங்க ஸ்டேட்டஸ் பக்கமும் அதையே நம்பி இருந்ததால கொஞ்ச நேரம் அத அப்டேட் பண்ணவே முடியல, ட்விட்டர்லதான் சொன்னாங்க. நான் பக்கத்த வெளி ஹோஸ்டிங்ல வெச்சிருக்கேன், டேட்டா இல்லாத போனுக்கு எஸ்எம்எஸ் போகும்.

கடைசியா நேரம் சொல்றது. "சரி செய்துகொண்டிருக்கிறோம்"னு மட்டும் போட்டா அத வெச்சு அவங்க ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. "11 மணிக்குள்ள வரும்"னு போட்டா கிளாக்கர் ஐயா அதுவரைக்கும் வேற புக்க பாப்பாரு. போன மாசம் டவர் பேட்டரி மாத்தப் போன அன்னைக்கு அப்படித்தான் 11ன்னு போட்டிருந்தேன், மேல ஏறுற பாதையில மண்ணு சரிஞ்சு கெடந்ததால லேட்டாயிருச்சு, 11.10க்கு போன் அடிச்சுச்சு.

"தம்பி, 11ன்னு போட்டிருந்தீங்களே?"

"பாதை அடைச்சிருக்குங்க ஐயா, 12.30 ஆயிரும்."

"அப்ப அத மாத்திப் போடுங்க, மடுவத்துல பொண்ணுங்க கேட்டுகிட்டு நிக்குறாங்க."

பேட்டரிய கீழ வெச்சுட்டு மொதல்ல அத மாத்தினேன்.