சுருங்க மறுக்கும் பொருள்கள்

வணக்கம் நேயர்களே. பொம்மை வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், சரி என்று வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைக்கிறது, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய் உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தைக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். பரவாயில்லை, உங்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் கடன் கொடுங்கள். நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை, பெரியவர்கள் கையில் அது ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கும். அந்த ஓர் அங்குலத்தை ஓர் அடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், உள்ளே வந்துவிட்டீர்கள்.

இதைத்தான் 1:12 ஸ்கேல் என்கிறோம். ஆறடி ஆள் ஆறு அங்குலம், ஏழடிக் கதவு ஏழு அங்குலம், ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும் நாற்காலி இருக்கை ஒன்றரை அங்குலம். கணக்கு இவ்வளவு சுலபமாக இருப்பதால்தானோ என்னவோ, பொம்மை வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் இந்த அளவிலேயே தங்கிவிட்டார்கள். இடம் போதாதவர்கள் இதில் பாதியான 1:24-க்குப் போவார்கள், அதிலும் பாதி 1:48. அப்புறம் 1:144 என்று ஒன்று இருக்கிறது, அது எதற்கென்றால், உங்கள் பொம்மை வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் விளையாட ஒரு பொம்மை வீடு வேண்டுமே, அதற்கு. பன்னிரண்டில் பன்னிரண்டு. அந்தக் கிறுக்கு வரை நான் இன்னும் போகவில்லை.

பொம்மை வீடு என்றாலே குழந்தை விளையாட்டு என்று சிரிப்பவர்கள் உண்டு, எனக்கு அந்தச் சிரிப்பு பழகிவிட்டது. ஆனால் பழைய காலத்துப் பேர்பெற்ற பொம்மை வீடுகளில் பலவற்றைக் குழந்தைகள் தொடவே விட்டிருக்க மாட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஓர்ட்மான் என்ற செல்வச் சீமாட்டி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் அலமாரிக்குள் ஒரு முழு வீட்டையே அமைக்கத் தொடங்கினார், அதற்கான பீங்கான் சாமான்களைச் சீனாவிலிருந்து அந்தக் குட்டி அளவிலேயே செய்து வரவழைத்தார். அது இன்றும் அங்கே ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் மேரி ராணிக்காக எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-இல் முடிந்த வீட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம், இப்போது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும், குட்டிப் புட்டிகளில் நிஜ ஒயின். ஆர்தர் கோனன் டாயில் அந்த வீட்டு நூலகத்துக்கென்றே ஒரு குட்டி ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிக் கொடுத்தார். குழாயைத் திறந்தால் தண்ணீரும் வரும்.

அந்தத் தண்ணீரில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. குழாயைச் சுருக்கலாம், தொட்டியைச் சுருக்கலாம், ஆனால் சொட்டைச் சுருக்க முடியாது. நம் வீட்டுக் குழாயில் சொட்டுகிற சொட்டு நாலைந்து மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும், அது பரப்பு இழுவிசையின் வேலை, குழாய் சின்னதாகிவிட்டதே என்று அதற்கு ஏற்ப அது பெரிதாகச் சுருங்கிவிடாது. அந்தச் சொட்டைக் குட்டி வீட்டின் கண்ணால் பாருங்கள், ஐந்து சென்டிமீட்டர் உருண்டை, பிங்பாங் பந்தைவிடப் பெரிசு! அதனால்தான் நாங்கள் தண்ணீர் வேண்டிய இடத்தில் ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் தெளிவான பிசின், ஊற்றி உறைய விடுகிறோம்.

தண்ணீர் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். துணி, மரம், பெயின்ட், தூசி, ஒன்றுமே சுருங்காது. அளவுகோலும் ரம்பமும் வைத்துக்கொண்டு வடிவத்தை எவ்வளவு துல்லியமாகச் சுருக்கினாலும், பொருள் தன் சுபாவத்தை விடாது. இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை அந்த முரட்டுப் பொருள்களை ஏமாற்றுவதுதான் என்பேன்.

துணியை எடுத்துக்கொள்வோம், என்னை அதிகம் அழவைத்தது அதுதான். முதன்முதலில் ஒரு ஜன்னலுக்குத் திரை தைத்தேன், ஓரமெல்லாம் மடித்து, பார்த்துப் பார்த்து. மாட்டினால் தகரப் பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. ஏன்? நிஜத் திரைக்கு எடை உண்டு, அந்த எடை அதைக் கீழே இழுத்து மடிப்புகளை விழச் செய்கிறது. நீளம், அகலம், தடிமன் மூன்றும் பன்னிரண்டில் ஒன்றானால் எடை 1,728-இல் ஒன்றாகிவிடும். ஐந்து கிலோ நாற்காலி மூன்று கிராம்! நம் துணியின் தடிமனோ குறைவதே இல்லை, அதனால் விறைப்பு அப்படியே இருக்கிறது, இழுக்கும் எடை மட்டும் காணாமல் போகிறது. இதோடு நூல் வேறு. சாதாரணப் பருத்தி நூல் கால் மில்லிமீட்டர் இருந்தாலும் குட்டி வீட்டில் அது மூன்று மில்லிமீட்டர், சாக்குத் துணிக்குக்கூட அவ்வளவு பருமனான இழை கிடையாது. ஆகவே துவைத்துத் துவைத்து நைந்த கைக்குட்டை, மெல்லிய பட்டு, இவைதான் நமக்குத் துணிக்கடை. தைக்காதீர்கள், தையல் ஓரம் தடிக்கும், ஒட்டிவிடுங்கள். வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்து அதில் துணியை நனைத்து, பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஃபோம் பலகையில் ஒவ்வொரு மடிப்பாகக் குண்டூசி குத்தி நிறுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். புவியீர்ப்பு செய்ய வேண்டிய வேலையைக் குண்டூசி செய்கிறது. மேசை விரிப்புக்கும் இதேதான். தலையணைக்குள் பஞ்சு வைத்தால் பலூன் மாதிரி உப்பி நிற்கும், நுண்மணல் போட்டுப் பாருங்கள், யாரோ சாய்ந்து எழுந்த மாதிரி குழைந்து உட்காரும்.

மரத்திலும் இதே கதைதான். ஓக் மரத்தில் நாற்காலி செய்கிறேன் என்று நல்ல ஓக் பலகையையே வாங்கி அறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓக்கின் நுண்துளைகள் வெறும் கண்ணுக்கே தெரிபவை, குட்டி நாற்காலியில் அவை பள்ளம் பள்ளமாகத் தெரியும், கரையான் அரித்த மாதிரி. ரேகை நெருக்கமான பேரிக்காய் மரம், செர்ரி, பாஸ்வுட், இவற்றில் செய்து சாயம் ஏற்றினால்தான் பார்க்கிறவர் அதை ஓக் என்று நம்புவார். நிஜ ஓக் பொய்யாகத் தெரிகிறது, பொய் ஓக் நிஜமாகத் தெரிகிறது. தரைக்கு ஐஸ்கிரீம் குச்சியே போதும், அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, வரிசை வரிசையாக ஒட்டினால் பலகைத் தரை தயார், இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

பெயின்டைப் பற்றி ஒன்றே ஒன்று. பளபளக்கும் எனாமல் வேண்டாம். கனமாக ஒரு பூச்சு அடித்தால் அதுவே கால் மில்லிமீட்டர் வந்துவிடும், உள்ளே இருப்பவருக்குச் சுவரில் மூன்று மில்லிமீட்டர் அப்பின மாதிரி. மேட் பெயின்டை நீர்க்கக் கரைத்து மூன்று நான்கு தடவை.

காகிதமும் ஏமாற்றும். நாம் அச்சடிக்கிற வெள்ளைத் தாள் 0.1 மில்லிமீட்டர், அதில் புத்தகம் செய்தால் பக்கம் ஒவ்வொன்றும் அட்டை மாதிரி இருக்கும், விரித்தால் மூடாது, மூடினால் விரியாது. அலமாரியில் நிற்கும் புத்தகங்களுக்கு உள்ளே மரக்கட்டை போதும், யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? மேசையில் திறந்து கிடக்கும் அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் டிஷ்யூ காகிதத்தில் மெனக்கெடுங்கள்.

விளக்கு ஒன்றுதான் நமக்கு இரக்கம் காட்டுகிறது. நிஜ வீட்டு பல்ப் 60 மில்லிமீட்டர் அகலம், கடையில் எங்கும் கிடைக்கும் எல்இடி 5 மில்லிமீட்டர், வகுத்துப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு! யாரோ நமக்காகவே செய்துவைத்த மாதிரி. ஆனால் வெளிச்சம் கூசும், நிறமும் நீலம் தட்டிப்போய் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆக்கிவிடும், வார்ம் ஒயிட் வாங்குங்கள், இல்லையென்றால் ஆரஞ்சுக் கண்ணாடிப் பெயின்ட் ஒரு சொட்டு தொட்டு வையுங்கள். ஒரு விளக்குக்கு 3 வோல்ட் பட்டன் பேட்டரி போதும். அதைவிட அதிக வோல்ட் கொடுத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த நடுவே ரெசிஸ்டர் வேண்டும். ஒயரைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோங்கள், ஆனால் பின்சுவரை ஒட்டிவிடாதீர்கள், கழற்ற முடிய வேண்டும். என்றாவது ஒரு நாள் அந்த விளக்கு அணையத்தான் போகிறது, அன்று அறையையே உடைத்துத்தான் மாற்ற வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும் எப்படி இருக்கும் என்று.

இன்னொரு கண்ணீரும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கண்ணாடியாக வைத்த தெளிவான பிளாஸ்டிக்கை சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன், மறுநாள் காலையில் ஜன்னல் முழுக்க வெள்ளைப் படலம், மூடுபனி இறங்கின மாதிரி. அந்தப் பசையின் ஆவி படிந்து செய்கிற வேலை அது. கடைசியில் அந்தக் காட்சியை மழைக்காலக் காலை என்று சொல்லிச் சமாளித்தேன், பார்த்தவர்கள் ஜன்னலை மட்டும் தனியாகப் பாராட்டினார்கள்.

சரி, பொருளை எல்லாம் ஏமாற்றியாகிவிட்டது, அறை தயார். ஆனாலும் பொம்மை வீடு மாதிரியே இருக்கிறதே, ஏன் என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒழுங்கு. எல்லா நாற்காலியும் மேசைக்கு நேராக, எல்லாக் கோப்பையும் ஒரே வரிசையில், தூசில்லை, கீறலில்லை, யாரும் வாழவில்லை. சிகாகோவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் நார்சிசா தோர்ன் என்பவர் கைதேர்ந்த கலைஞர்களை வைத்து 1932 முதல் 1940 வரை செய்வித்த 68 அறைகள் இருக்கின்றன. எதிலும் மனித பொம்மை வைக்கக் கூடாது என்பது அவர் முடிவு. அதற்குப் பதில் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி, பாதியில் விட்ட பின்னல் வேலை. ஆள் இப்போதுதான் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார் என்று நாமே நினைத்துக்கொள்வோம். ஆறு அங்குல பொம்மையை நிற்கவைத்திருந்தால் அந்த மயக்கம் அப்போதே கலைந்திருக்கும், ஏனென்றால் பொம்மையின் முகம் பொம்மையின் முகம்தான்.

இதையே வேறு திசையில் கொண்டுபோனவர் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ, அவரும் அமெரிக்கர்தான். 1940-களில், சந்தேக மரணங்களை விசாரிக்கும் போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக, சாவு நடந்த அறைகளை 1:12 அளவில் செய்தார். குட்டிக் காலுறையைக் குண்டூசி அளவு ஊசிகளில் தானே பின்னினார், காலண்டரில் தேதி, சுவரில் கறை, எல்லாமே தடயமாக இருக்கக்கூடும் என்பதால் எதையும் விட்டுவைக்கவில்லை. அவற்றில் 18 அறைகள் பால்டிமோரில் இருக்கின்றன, இன்றும் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. அவர் அறைகளில் பொம்மைகள் உண்டு, ஆனால் அவை யாவும்... சரி, அதை இந்த நேரத்தில் விவரிக்க வேண்டாம், குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் அறை முடிந்ததும் நான் ஒரு நாற்காலியைச் சாய்வாகத் தள்ளி வைப்பேன். கைப்பிடி அருகே கதவில் லேசாக அழுக்குச் சாயம் தடவுவேன், மனிதக் கை படுகிற இடம் அது. கைப்பிடி மூன்று அங்குல உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன். கடையில் வாங்கின சாமான்களை மட்டும் அளக்காமல் உள்ளே விடாதீர்கள், 1:12 என்றே எழுதியிருக்கும், கோப்பை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். நிஜக் கோப்பை எட்டு சென்டிமீட்டர் என்றால் குட்டிக் கோப்பை ஏழு மில்லிமீட்டர்கூட வரக் கூடாது. இல்லையென்றால் மேசைமேல் இருப்பது கோப்பை இல்லை, வாளி.

போட்டோ எடுப்பவர்களுக்கு ஒரு தந்திரம். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரைக்குப் பக்கம் வரும், ஐந்து அங்குல உயரத்தில் வைத்தால் அதுதான் அந்த வீட்டில் நிற்பவரின் கண். ரொம்பக் கிட்டே போனால் பின்னால் எல்லாம் மங்கிப்போய்க் குட்டி என்று காட்டிக்கொடுத்துவிடும், கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். எடுப்பதற்கு முன் மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள், ஒரு சென்டிமீட்டர் பஞ்சிழை தரையில் கிடந்தால் படத்தில் அது பாம்பு.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முழு வீட்டில் கை வைக்காதீர்கள், மூன்று மாடி வீட்டின் சட்டம் மட்டும் வாங்கி வைத்து அது துணி போட்டு மூடின நிலையில் வருஷக்கணக்காக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் அட்டைப் பெட்டியில் ஒரு மூலை போதும், இரண்டு சுவர், ஒரு தரை, ஒரு நாற்காலி. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மூலையாக இருக்கட்டும். கட்டர் கத்திக்குப் புது பிளேடு போட்டுக்கொள்ளுங்கள், மழுங்கினதுதான் வழுக்கிக்கொண்டு விரலுக்கு வரும்.

என் மேசையில் இப்போது ஒரு தையல் அறை பாதியில் நிற்கிறது. திரை குண்டூசிகளோடு காய்ந்துகொண்டிருக்கிறது, தையல் மெஷினுக்கு மிதி மட்டும் பாக்கி. அதற்காகச் செய்த கத்தரிக்கோலைத்தான் மூன்று நாளாகக் காணோம், முக்கால் அங்குலம்கூட இருக்காது. வீட்டில் எல்லாரும் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நான் போய்த் தேட வேண்டும். வணக்கம்.