அதே 1000 யூனிட், ஒரு வீட்டுக்கு 7,000, எதிர் வீட்டுக்கு 2,000! தனி வீட்டைப் போர்ஷன் பிரிக்கலாமா?

[திரையில்: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஈபி பில்]

வணக்கம் மக்களே! எதிரெதிரா மாடி வீடு ரெண்டு. ரெண்டுலயும் ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் ஓடுது. ஒருத்தர் கட்டுறது கிட்டத்தட்ட 7,000 ரூபா. எதிர் வீட்டுல மொத்தமா 2,000-ஐக்கூட தொடல. மீட்டர்ல யாரும் கை வைக்கல, சத்தியமா. கொக்கி போடுற வீடியோன்னு நம்பி வந்தவங்க இப்பவே கெளம்பிடலாம்.

எதிர் வீட்டை நாலு போர்ஷனா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி மீட்டர் வாங்கியிருக்காங்க. அவ்வளவுதான் ரகசியம். அப்பா கட்டின தனி வீட்டை இப்படித் தனித்தனி வீடா மாத்தணும்னா என்னென்ன பார்க்கணும்? சென்னையை வெச்சே பேசுவோம்.

முதல்ல போரடிக்கிற பகுதி, வேகமா ஓட்டிடுறேன். பெயின்ட் அடிக்க, டைல்ஸ் மாத்த யாரையும் கேட்க வேண்டாம். ஆனா ஒரு வீடு நாலு வீடா ஆகுதுன்னா, 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் குறுக்க வந்து நிக்கும். வீடு கூடக் கூட பார்க்கிங்கும் காட்டணும். இன்ஜினியரை வெச்சு பிளான் போட்டு, அனுமதி வாங்கிட்டு அப்புறமா கடப்பாரையைத் தூக்குங்க. சொத்து வரியும் மாறும். முடிஞ்சது. தூங்கினவங்க எழுந்துக்கலாம்.

[திரையில்: மின் கட்டண அட்டவணை]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். 2024 ஜூலையில வந்த கட்டணத்தை வெச்சுப் பார்ப்போம். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-ல ஜெயலலிதா அறிவிச்சது. அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 2 ரூபா 35 காசு. மேல போகப் போக ஏறும். 500-ஐத் தாண்டின யூனிட்டெல்லாம் 8 ரூபாய்க்கு மேல, 800-ஐத் தாண்டினா 10 ரூபாய்க்கு மேல.

வில்லங்கம் அந்த 500-லதான் இருக்கு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டீங்கன்னா, கீழ குடுத்த 2.35 ரூபா சலுகையையும் திரும்பப் பிடுங்கிடுவாங்க. அந்த 100 யூனிட்டுக்கும் ரெண்டு மடங்கு ரேட். அதனால 500-ல நிக்கிற பில்லுக்கும் 501-ல நிக்கிற பில்லுக்கும் வித்தியாசம் 240 ரூபாய்க்கு மேல! ஒரே ஒரு யூனிட்டுக்குங்க! ரீடிங் எடுக்க வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி ஏசி போட்டது யாருன்னு வீட்டுல சண்டை வந்தா, அதுல நியாயம் இருக்கு.

இப்ப நாலு மீட்டர் கணக்கு. ஒவ்வொண்ணும் 250 யூனிட். ஒவ்வொண்ணுக்கும் 100 இலவசம், அடுத்த 100-க்கு 235 ரூபா, மிச்சம் 50-க்கு ஏறக்குறைய 240 ரூபா. ஆக 475. நாலுக்கும் சேர்த்து 1,900. அதே கரண்ட்தான்!

"அப்போ என் வீட்டுக்கு நாலு மீட்டர் போட்டுக்கிறேன்"னு கமெண்ட்ல குதிக்காதீங்க. நீங்க நினைச்சதை மின் வாரியம் எப்பவோ நினைச்சாச்சு. ஒரே கதவு எண்ணுல இன்னொரு இணைப்பு வேணும்னா, அந்தப் பகுதி நிரந்தரமா தடுத்துப் பிரிச்சிருக்கணும், வயரிங்கும் தனியா இருக்கணும். ஒரே குடும்பம் ஹாலுக்கு ஒண்ணு, பெட்ரூமுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிற வேலையெல்லாம் நடக்காது.

இதுல வாடகைக்காரங்க கவனிக்க வேண்டியது சப்-மீட்டர். அது எந்தப் போர்ஷன்ல எவ்வளவு ஓடுதுன்னு பார்க்க ஹவுஸ் ஓனர் கடையில வாங்கி மாட்டினது. வாரியத்தைப் பொறுத்தவரை நாலு குடும்பமும் ஒரே மெயின் மீட்டர்தான். உங்க 150 யூனிட் மத்தவங்க யூனிட்டோட சேர்ந்து உச்சி ரேட்டுக்குப் போயிடும். ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபா கேட்டா கொள்ளைன்னு திட்டுறோம். சில வீட்டுல அவருக்கே அந்த ரேட்டுலதான் பில் வருது. சில வீட்டுல, ஹி ஹி, அது கொள்ளையேதான்.

[திரையில்: பழைய மயிலாப்பூர் வீட்டுக் கூரை, உள்ளேருந்து]

சரி, கட்டடத்துக்கு வருவோம். தூண், பீம் இல்லாத பழைய வீட்டுல 9 இன்ச் செங்கல் சுவர்தான் மொத்தப் பாரத்தையும் தாங்குது. கொத்தனார் தட்டிப் பார்த்துட்டு "இடிச்சிடலாம் சார்"னு சொன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. மெட்ராஸ் டெர்ரஸ் கூரைன்னா இன்னும் ஜாக்கிரதை. தேக்கு உத்தரம், அதுக்கு மேல சின்னச் சின்னச் செங்கல்லைச் செங்குத்தா நிறுத்தி சுண்ணாம்புக் கலவையில கட்டினது. பார்க்க அவ்வளவு அழகு. அது மேல புதுசா ஒரு பாத்ரூம் கட்டி, தண்ணி கசிஞ்சு உத்தரத்துக்குள்ள இறங்கிச்சுன்னா, உளுத்துப் போறது சீலிங் உரியும்போதுதான் தெரியும்.

என் கருத்து இதுதான்: முதல்ல சுவர் எங்க வரும்னு வரையாதீங்க, கழிவுக் குழாய் எங்க இறங்கும்னு வரைங்க. மேல இருக்கிற பாத்ரூம் கீழ இருக்கிற பாத்ரூமுக்கு நேர் மேல வரணும். மாடி கிச்சன் கீழ் வீட்டு பெட்ரூம் தலைமாட்டுல வந்துச்சுன்னா, தினம் காலையில 5 மணிக்கு மிக்ஸிதான் அலாரம். மாடிப்படி வெளியே இருக்கட்டும், மறக்காதீங்க.

வாடகைக்கு விடாம தனித்தனியா விக்கப் போறீங்கன்னா, நிலத்துல பிரிக்கப்படாத பாகத்தையும், அதாவது அடியில இருக்கிற மொத்த நிலத்துல அந்த வீட்டுக்குச் சேர்ற பங்கையும், சேர்த்து எழுதணும். அது வக்கீல் வேலை, தனி வீடியோ.

அடுத்தது மோட்டார்! நாலு வீடு, ஒரு சம்ப், ஒரு மோட்டார். அது யார் மீட்டர்ல ஓடுது? மாடிப்படி லைட் யார் கணக்கு? பொது இணைப்புன்னு தனியா வாங்கலாம், ஆனா அதுக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க மோட்டாரைக் கீழ் வீட்டு லைன்ல குடுத்துட்டு, "மாசம் 200 குடுத்திடுறோம்"னு வாய் வார்த்தையா முடிச்சவங்க நிறைய பேர். அப்புறம் கோடையில தண்ணி வராதப்போ யார் போய் ஸ்விட்சைப் போடுறதுன்னு பஞ்சாயத்து. மேல டேங்க்கையாவது வீட்டுக்கு ஒண்ணா வைங்க. ஒருத்தர் குழாயைத் திறந்து விட்டா அவர் தண்ணிதான் போகும்.

வாடகைக்கு ஆள் வெச்சாச்சா? 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். வேற மாதிரி எழுதிக்கலைன்னா அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல போகக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. 10 மாச அட்வான்ஸ் வாங்குற சென்னை ஓனர்கள் யாராவது பார்த்துக்கிட்டிருந்தா, வீடியோவை டிஸ்லைக் பண்ணாம போங்க ப்ளீஸ்.

உங்க காம்பவுண்டுல மோட்டார் பில் யார் கட்டுறாங்க, எப்படிப் பிரிச்சுக்கிறீங்க? கமெண்ட்ல எழுதுங்க. நல்ல ஏற்பாடா இருந்தா அடுத்த வீடியோவுல படிச்சுக் காட்டுறேன்.