போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் இன்னொன்று

வணக்கம் நேயர்களே. சேலம் ஐந்து ரோடு பக்கம் டிக்கெட், விசா வேலை பார்க்கிறவன் நான். மண்டிக்கு மாம்பழம் வர ஆரம்பிக்கும்போது எங்கள் கடைக்கும் ஆள் வர ஆரம்பிப்பார்கள். முழுப் பரீட்சை லீவில் பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போக வேண்டும். மே மாதம் ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்று நின்று ஏறுகிற நேரத்தில் வெளிநாடே போய்விடலாம் என்பார்கள், பாதி விளையாட்டாக. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: சிங்கப்பூர், அப்படியே கோலாலம்பூர். ஒரே பயணம், இரண்டு ஊர்.

இதற்குத் தாங்களே டிக்கெட் போடுகிறவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? முதலில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போக வர டிக்கெட். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குத் தனியாக ஒரு போக வர டிக்கெட். கேட்டால், "போன ஊரிலிருந்துதானே சார் திரும்பி வரணும்?" என்பார்கள். அப்படி யார் சொன்னது? திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது, கோலாலம்பூருக்கும் இருக்கிறது. போகும்போது சிங்கப்பூரில் இறங்குங்கள், திரும்பும்போது கோலாலம்பூரில் ஏறுங்கள். விமானம் பிடிப்பதற்காகவே மறுபடி சிங்கப்பூர் போவதில் ஒரு பகல் வீண். அங்கே ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால், அந்த ஊர் ஓட்டல் வாடகைக்குக் கோலாலம்பூரில் இரண்டு ராத்திரி இருக்கலாம்.

இப்படிப் போட்டால் விலை ஏறாதா என்ற பயம் இருக்கும். அது விமான நிறுவனத்தைப் பொறுத்தது. மலிவுக் கட்டண நிறுவனங்களில் போக வர டிக்கெட் என்பது பெரும்பாலும் இரண்டு ஒருவழி டிக்கெட்டின் கூட்டுத்தொகைதான். அதனால் போக ஒரு நிறுவனம், வர ஒரு நிறுவனம் என்று எடுத்தாலும் நஷ்டமில்லை. சாப்பாடு, பெட்டி எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் பெரிய நிறுவனங்களில் கதை வேறு. அங்கே ஒருவழி டிக்கெட் தனியாக வாங்கினால், சில சமயம் போக வர விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் தேடும் பக்கத்தில் ஒருவழி, இருவழி என்பதற்கு அடுத்து 'மல்டி சிட்டி' என்று ஒன்று இருக்கும். அதில் பெங்களூரிலிருந்து பாரிஸ், ரோமிலிருந்து பெங்களூர் என்று இரண்டு வரியாகப் போட்டுப் பாருங்கள். விலை சாதாரண போக வர டிக்கெட்டை ஒட்டியே வருவது உண்டு. ஐரோப்பா போகிறவர்கள் இந்த மூன்றாவது பொத்தானைத் தொட்டுப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

நடுவில் இருக்கும் தூரத்துக்கு என்ன செய்வது? சிங்கப்பூர், கோலாலம்பூர் இடையே விமானத்தில் ஒரு மணி நேரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையம் இருப்பது செப்பாங்கில், நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம் போய்விடும். பஸ்ஸில் போனால் இரண்டு பக்கக் குடியேற்றச் சோதனையும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம். பெட்டிக்குக் கிலோ கணக்குப் பார்க்க மாட்டார்கள். நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். பாரிஸ், ரோம் என்றால் விமானம்தான் சரி. அங்கேயும் ஒரு விஷயம்: பாரிஸ் என்று போட்டு மலிவாக விற்கும் சில டிக்கெட்டுகள் போவே என்ற நிலையத்திலிருந்து. அது பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். சேலத்தில் இறங்குகிறேன் என்று ஈரோட்டைத் தாண்டிப் போய் இறங்குகிற மாதிரி.

அடுத்து, விலை எப்படி ஏறுகிறது என்பது. செவ்வாய்க்கிழமை நடுராத்திரி போட்டால் குறையும் என்றெல்லாம் சொல்வார்கள், அதை விடுங்கள். ஒரே விமானம், ஒரே மாதிரி சீட், ஆனால் உள்ளுக்குள் பல விலைப் பிரிவாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவான பிரிவு முதலில் தீரும். அதில் இரண்டு சீட்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நான்கு பேருக்குக் கேட்டால், பெரும்பாலும் நான்கு பேருக்குமே அடுத்த பிரிவின் விலையைத்தான் காட்டும். முதலில் ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் நான்கு பேருக்கு. தலைக்கு விலை வேறுபட்டால் இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வாங்கலாம். குழந்தை பெற்றோரில் ஒருவரோடு ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்.

விலை பார்க்கும்போது சேலத்து வாசலிலிருந்து சேலத்து வாசல் வரைக்கும் கணக்குப் போட வேண்டும். நம் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. திருச்சி சுமார் 140 கிலோமீட்டர், கோயம்புத்தூர் 160, பெங்களூர் விமான நிலையம் 200க்கு மேல், சென்னை 340. பெங்களூர் நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். ஓசூர் பக்கமிருந்து போகிற நாம் முழு ஊரையும் கடந்தாக வேண்டும். தலைக்கு ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று அங்கே போகிறவர்கள் கார் வாடகையை எதில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. கமலாபுரத்திலிருந்து சென்னை போய் அங்கே மாறுவதும் ஒரு வழிதான். ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், மழையில் நம் ஊர் விமானம் தாமதமானாலும் சென்னையில் காத்திருக்கும் விமானத்துக்காரர் பொறுப்பேற்க மாட்டார். பெட்டியையும் நாமே எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுப்பதென்றால் முந்தின நாளே சென்னை போய்விடுங்கள்.

இன்னொன்று. பெரிய நிறுவனத்தில் ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு முதல் கட்டத்தில் ஏறாமல் விட்டால், மீதி எல்லாக் கட்டமும் ரத்தாகும். "நான் நேராக ரோமில் வந்து சேர்ந்துகொள்கிறேன், நீங்கள் முன்னாடி போங்கள்" என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிடாதீர்கள்.

தேதி விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் திருச்சியில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி மாலை நாமக்கல் தாண்டும்போது விமானம் போய் ஒரு பகல் ஆகியிருக்கும். அச்சடித்திருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

பெயர்தான் நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி. சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் பின்னால். டிக்கெட் பக்கமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகரமாட்டேன் என்கிறது. அவர் பையன் செல்போனில் அப்பா பெயரைப் போட்டுவிடலாமா என்று கேட்டான். "போடாதே தம்பி, பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் வரக்கூடாது" என்றேன். ஒற்றைப் பெயருக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும். அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். துபாய் வழியாகப் போய் ஊர் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் கூடுதல் கவனம்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவதற்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. அது காலக்கெடு வைத்த சலுகை, போட்ட பிறகும் ஒருமுறை பாருங்கள். இரண்டு நாடுமே போய் இறங்குவதற்கு மூன்று நாள் முன்னதிலிருந்து நிரப்பும் வருகை அட்டை கேட்கும். இரண்டும் இலவசம். காசு கேட்கிற பக்கம் வந்தால் உடனே மூடிவிடுங்கள்.

பெட்டிக்கு, போகும்போது 20 கிலோ போதும். வரும்போது 30 வாங்கி வையுங்கள், அதுவும் முன்கூட்டியே ஆன்லைனில். கவுண்டரில் கேட்கிற விலைக்கு உள்ளே இருக்கும் சாமானே வந்துவிடும். நன்றி, வணக்கம்.