பனிக்கு அடியில் இருக்கிறது மேய்ச்சல்

அனைவருக்கும் வணக்கம். நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பீடபூமியிலுள்ள கௌட்டோகெய்னோவுக்கு அருகே நின்று பேசுகிறேன். வெப்பநிலை மைனஸ் 29 டிகிரி. கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் பதிவு செய்கிறேன். எனக்குப் பல் கிட்டுகிறது. என்னை அழைத்து வந்த மேய்ப்பருக்கோ இது நல்ல நாள்.

இவர் சாமி இனத்தவர். நம் ஊர்ச் சாமியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்குள்ள பழங்குடியின் பெயரே அதுதான். இவர்களின் துருவமான்கள் கோடையைக் கடலோரத்தில் கழித்துவிட்டு, குளிர்காலத்தில் அதைவிடக் கடுங்குளிரான இந்த உள்நிலத்துக்கு வருகின்றன. அருகிலுள்ள காராஷோக்கில் 1886-இல் பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் நார்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை. ஆனாலும் வறண்ட குளிரில் விழும் பனி மெல்லியதாக, பொலபொலவென்று இருப்பதால், மான்கள் அதைக் குளம்பால் கிளறி, அடியில் தரையோடு பாசிபோலப் படர்ந்திருக்கும் லைக்கனை எளிதில் மேய முடிகிறது.

காலையில் அவர் மண்வாரியால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். மேலே மாவு போன்ற புதுப்பனி; நடுவே இறுகிய ஓர் அடுக்கு; அடியிலிருந்து அவர் என் உள்ளங்கையில் அள்ளிப் போட்டது வறுத்த ரவையைப் போல உதிர்ந்தது. அதற்குச் 'செஅங்காஷ்' என்று பெயர். அது இருந்தால் மேய்ச்சல் உண்டு. இவ்விடத்தில் நான் ஒரு தவறு செய்தேன்: உங்களிடம் எத்தனை மான்கள் என்று கேட்டுவிட்டேன். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமமாம் அது. அவர் சிரித்துவிட்டுப் பனியைப் பற்றியே தொடர்ந்தார்.

அவர் அஞ்சுவது வெதுவெதுப்புக்கு. நடுக்குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டி மழை பெய்துவிட்டால், நீர் பனியினூடே இறங்கித் தரையோடு உறைந்து லைக்கனைப் பூட்டிவிடுகிறது. வாசனை எட்டினாலும் மான்களால் அந்தக் கட்டியை உடைக்க முடியாது. மந்தை இரை தேடிச் சிதறும். இல்லையேல் தீவனத்தை விலைக்கு வாங்கிச் சுமந்து வந்து போட வேண்டும், அதையும் லைக்கனுக்குப் பழகிய வயிறு சட்டென்று ஏற்பதில்லை. மீதமுள்ள இடத்தில் எல்லா மான்களையும் நெருக்கி மேய்த்தாலும் ஆபத்துதான், ஏனெனில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் லைக்கன், அழிந்த இடத்தில் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இதோ, ஸ்நோமொபைலைக் கிளப்பிவிட்டார். இருட்டுவதற்குள் இன்னும் மூன்று இடங்களில் தோண்டிப் பார்க்க வேண்டுமாம். பேட்டரி மறுபடியும் இறங்குகிறது. நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன்.